ஓய்வுநாள் சனியா, ஞாயிறா? நெல்லைச் சீமையில் ஒரு வசனம் பெற்ற விளக்கங்கள்



திருவேங்கடத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் பிள்ளைகள் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். ஒரே பேருந்தில் சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் போய்வருகிறார்கள். பேச்சு மார்க்கத்தின் பக்கம் திரும்புவது இயல்பே. மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்கள் சிலர் அத்தகைய பேச்சுக்கென்று ஒரு கேள்வியை ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். தவ்ராத்தின் சட்டத்தை அழிக்கத் தாம் வரவில்லை என்று நபி ஈஸா (அலை) அவர்கள் கூறியதாக மத்தேயு எழுதியிருக்கிறார். ஏழாம் நாளை ஓய்வுநாளாகப் பேணும்படி அந்தச் சட்டம் கட்டளையிடுகிறது. அவ்வாறாயின் கிறிஸ்தவர்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள்? காணொளி விவாதங்களில் கேட்டு மனனம் செய்த கேள்வி இது. இதற்கு எதிர்த்தரப்பில் பதிலே கிடையாது என்பது மாணவர்களின் எண்ணம்.

பதில் இருக்கிறது. ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவை தமக்குள் ஒத்துப்போவதும் இல்லை. அதுமட்டுமன்று, நாம் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணும் இக்கேள்வியை நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நெல்லைச் சீமையின் கிறிஸ்தவர் ஒருவர் தம் வாழ்க்கையையே வைத்து எழுப்பிவிட்டார். அவருடைய வரலாற்றை அறியாமல் இக்கேள்வியைக் கையில் எடுப்பது முறையாகாது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் வசனத்தைப் பார்ப்போம். பத்துக் கட்டளைகள் தவ்ராத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. முதல் இடத்தைப் புராட்டஸ்டண்டுகளின் பழைய தமிழ் வேதாகமம் யாத்திராகமம் என்றும், கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் திருவிவிலியம் விடுதலைப் பயணம் என்றும் அழைக்கின்றன. அங்கு ஓய்வுநாளுக்குக் கூறப்படும் காரணம், இறைவன் ஆறு நாள்களில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தான் என்பது. (இறைவனைக் களைப்புத் தீண்டவில்லை என்று திருக்குர்ஆன் 50:38 தெளிவுபடுத்துவதை நாம் அறிவோம்.) இரண்டாவது இடம் உபாகமம், அதாவது இணைச் சட்டம். அங்கே காரணம் வேறு: பனூ இஸ்ராயீல் மிஸ்ரில் அடிமைகளாக இருந்ததை நினைவுகூர்ந்து, தம் வேலைக்காரருக்கும் ஓய்வளிக்க வேண்டும் என்பது. ஒரே கட்டளைக்கு மூலநூலிலேயே இரண்டு காரணங்கள். படைப்பே காரணம் என்றால் கட்டளை எல்லா மனிதருக்கும் உரியது என்று வாதிடலாம். மிஸ்ரின் விடுதலையே காரணம் என்றால் அது அச்சமுதாயத்துக்கு மட்டும் உரியது எனலாம். பிற்காலச் சர்ச்சைகள் பலவற்றின் வித்து இங்கேயே கிடக்கிறது.

எண்ணுவதில்கூட ஒற்றுமை இல்லை. கத்தோலிக்கப் பிள்ளையிடம் கேட்டால் இது மூன்றாம் கட்டளை. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபைப் பிள்ளையும் மூன்றாம் கற்பனை என்றே சொல்லும். சி.எஸ்.ஐ. பிள்ளையோ நான்காம் கற்பனை என்னும். வசனங்கள் அவையே, எங்கே வெட்டி எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு.

எது ஏழாம் நாள் என்பதில் அரபு படித்த நமக்கு ஐயம் எழாது. ‘அல்அஹத்’ என்று ஞாயிற்றை முதல் நாளாக எண்ணத் தொடங்கிச் சனியை ‘அஸ்ஸப்த்’ என்று முடிக்கிறோம். அரபு பேசும் கிறிஸ்தவர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஸப்து நாளில் வரம்பு மீறி மீன் பிடித்த கடலோர ஊராரின் செய்தியை அல்அஃராஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். தமிழகப் புராட்டஸ்டண்டு சபைகளின் பேச்சில் மட்டும் சொல் சற்று நகர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஞாயிறன்று நடக்கும் வேதபாட வகுப்பை ‘ஓய்வுநாள் பள்ளி’ என்கிறார்கள்.

ஞாயிறு எவ்வாறு வந்தது? உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மாற்றிவிட்டார் என்று நம் மேடைகளில் சிலர் பேசுகிறார்கள். இது சரியன்று. கான்ஸ்டன்டைன் 321ஆம் ஆண்டில் ஞாயிற்றை அரசாங்க ஓய்வுநாள் ஆக்கினார் என்பது உண்மை. நகரத்தாருக்கு ஓய்வு, பயிர்த்தொழில் செய்வோருக்கு விலக்கு என்பது அந்த ஆணை. ஆனால் கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடுவதைச் சுமார் 150ஆம் ஆண்டிலேயே உரோமிலிருந்து எழுதிய ஜஸ்டின் விவரித்திருக்கிறார். அரசர் புதிதாக உண்டாக்கவில்லை. இருந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுத்தார். அதே நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைச் சங்கம், கிறிஸ்தவர்கள் யூதரைப்போலச் சனிக்கிழமை ஓய்ந்திருக்கக் கூடாது என்று விதித்தது. தடைவிதி எழுதவேண்டியிருந்தது என்றால், சனியைப் பேணுவோர் அன்றும் இருந்தார்கள் என்றுதானே பொருள்? பிறர் வரலாற்றைப் பேசும்போதும் நாம் அமானிதத்தைப் பேணவேண்டும்.

இனி, ஞாயிற்றைப் பேணுவோர் தரும் விளக்கங்கள். ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் இறந்து ஞாயிறன்று உயிர்த்தெழுந்தார்கள் என்பது அவர்கள் அனைவரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை நமக்கு இல்லை. இங்கே அதைப் பற்றிய விவாதமும் இல்லை. அதற்கு அடுத்த படியில்தான் அவர்கள் பிரிகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் விளக்கப்படி, இறைவனுக்கென்று காலத்தை ஒதுக்கவேண்டும் என்பது மாறாத நெறி. எந்த நாள் என்பது மாறக்கூடியது. அதை ஆண்டவரின் நாளுக்கு மாற்றத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு. லுத்தரின் சீர்திருத்தம் எழுந்தபோது கத்தோலிக்க அறிஞர்கள் இதையே ஆயுதமாக்கினர். வேதம் மட்டுமே போதும் என்கிறீர்களே, பத்துக் கட்டளைகளில் ஒன்றைத் திருச்சபை மாற்றியதை நீங்களும்தானே ஏற்றிருக்கிறீர்கள் என்று கேட்டனர். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை தன் 28ஆம் பிரிவில் இதற்கு விடையிறுத்தது. ஓய்வுநாளைத் திருச்சபை மாற்றவில்லை. மோசேயின் சடங்குச் சட்டங்கள் புதிய ஏற்பாட்டினாலேயே நீங்கிவிட்டன. மக்கள் எப்போது கூடுவது என்று அறியவேண்டுமே என்ற ஒழுங்குக்காக மட்டும் ஒரு நாள் குறிக்கப்பட்டது என்பது அவ்விடை. ஆங்கிலிக்கன் சபையின் 7ஆம் விதி, சடங்குச் சட்டம் கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தாது, ஒழுக்கச் சட்டம் கட்டுப்படுத்தும் என்று வகுத்தது. நான்காம் கற்பனை இவ்விரண்டில் எது என்பதை அது சொல்லவில்லை. 1646ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை அதற்கும் ஒரு படி மேலே போயிற்று. கட்டளை உலகுள்ளவரை எல்லா மனிதருக்கும் உரியது, கிழமை மட்டும் ஏழாம் நாளிலிருந்து முதல் நாளுக்குப் பெயர்ந்தது, ஆகவே ஞாயிறன்று வேலையும் கேளிக்கையும் கூடாது என்றது.

இந்த விளக்கங்களில் பெரும்பாலானவை நம் மண்ணுக்குக் கப்பலேறி வந்தன. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயம் 1785ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் ஆங்கிலேயர் பணத்தில் ஊழியம் செய்த ஜெர்மானிய லுத்தரன் போதகர்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸும் அவ்வகையினரே: பிறப்பால் பிரஷ்யர், பயிற்சியால் லுத்தரன், ஊழியமோ ஆங்கிலிக்கன் சங்கத்தில். ஊழியருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் அதிகாரம் ஆயருக்கு மட்டுமே உண்டா என்ற கேள்வியில் அவருக்கும் சங்கத்துக்கும் பிணக்கு முற்றியது. 1835இல் விலக்கப்பட்டார், உபதேசிமார் பலர் அவரோடு போயினர், சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்தபின் பிளவு பெரும்பாலும் ஆறிவிட்டது. ஐரோப்பிய வேறுபாடுகள் நெல்லைக் கிராமங்களை உலுக்கக்கூடியவை என்பதை மக்கள் அன்றே கண்டுகொண்டனர்.

அடுத்த குரல் ஐரோப்பியரிடமிருந்து எழவில்லை. கொற்கையில் 1823இல் பிறந்த அருமைநாயகம், சாயர்புரத்தில் ஜி.யு. போப் நடத்திய குருமடத்தில் படித்தவர். அங்கே மாணவர்களுக்குச் சட்டாம்பிள்ளையாக இருந்ததால் அப்பெயரே அவருக்கு நிலைத்தது. படித்து முடித்து உபதேசியாரானார். 1850 அளவில் நாசரேத்து மிஷனரி கேமரருடன் மோதல் ஏற்பட்டுப் பணியை இழந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கால்டுவெல், நாடார் சமூகத்தாரைத் தாழ்வாகச் சித்திரிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். அச்சமூகத்தில் பிறந்த சட்டாம்பிள்ளைக்கு அது ஆறாத புண்ணாயிற்று. தம் மக்களுக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர்களே அம்மக்களை இழித்து எழுதுகிறார்கள் என்றால், அவர்கள் கொடுத்த வேத விளக்கத்தை மட்டும் ஏன் கேள்வியின்றி ஏற்கவேண்டும்?

1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அவரும் அவரைச் சார்ந்தோரும் மிஷனரிகளிடமிருந்து விலகித் தனிச் சபை கண்டனர். ஏக இரட்சகர் சபை என்பது அதன் பெயர்களுள் ஒன்று. இந்து கிறிஸ்தவ சபை என்றும் அழைக்கப்பட்டது. ‘இந்து’ என்ற சொல் அங்கே சமயத்தைக் காட்டிலும் நாட்டையே குறித்தது. வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டுக் குருவும் வேண்டாம், சம்பளம் பெறும் குருமாரே வேண்டாம் என்றனர். சனிக்கிழமையை ஓய்வுநாளாகப் பேணினர். தவ்ராத்தின் பண்டிகைகளையும் தூய்மை விதிகளையும் எடுத்துக்கொண்டனர். நறுமணப் புகையிட்டனர், தரையில் அமர்ந்தும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும் வணங்கினர்.

அவருடைய வாசிப்பின் அச்சாணி இது: வேதம் கீழ்த்திசையில் பிறந்தது, அதன் மக்கள் கீழ்த்திசையினர், ஐரோப்பியர் அதைத் தம் வழக்கங்களுக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொண்டனர். நாற்காலியும் ஞாயிறும் சம்பளக் குருவும் இன்ஜீலில் இருந்து வந்தவை அல்ல, ஐரோப்பாவிலிருந்து வந்தவை. ஆகவே ஐரோப்பியத் தையலைப் பிரித்துவிட்டால் எஞ்சுவது நமக்கு நெருக்கமான ஒன்றாகவே இருக்கும். சட்டத்தை அழிக்க வரவில்லை என்ற மத்தேயுவின் வசனத்தை மிஷனரிகள் ‘நிறைவேற்றி முடித்துவிட்டார், இனி நமக்கில்லை’ என்று படித்தார்கள். இவர்களோ ‘அழிக்கவில்லை, ஆகவே நமக்குண்டு’ என்ற வழியில் நின்றார்கள்.

மனக்காயத்திலிருந்து பிறந்த விளக்கம் மதிப்பற்றது என்று அக்கால எதிர்ப்பாளர்களின் தரப்பில் நின்று சொல்லிவிடலாம். நான் அப்படிக் கருதவில்லை. காயம் ஒருவரைப் புத்தகத்தை மீண்டும் திறக்கச் செய்யலாம். திறந்தபின் அவர் காட்டும் ஆதாரம் வலியதா மெலியதா என்பது வேறு கேள்வி. மிஷனரிகளின் விளக்கமும் வெற்றிடத்தில் பிறந்ததன்று. அதற்குப் பின்னே உரோமோடு நடத்திய சண்டை இருந்தது.

ஓய்வுநாள் பற்றிய இச்சர்ச்சை பனங்காட்டு மக்களுக்கு வெறும் ஏட்டுப் பேச்சாகவும் இருந்திருக்க இயலாது. பதநீர்ப் பருவத்தில் பாளையைக் காலையும் மாலையும் சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டால் நட்டம். சனியானாலும் ஞாயிறானாலும் மரத்துக்கு விடுமுறை தெரியாது. கான்ஸ்டன்டைன் உழவருக்கு விலக்களித்ததன் நியாயம் தேரிக்காட்டில் நின்றால் நன்றாக விளங்கும். நமக்கு ஜும்ஆவுடைய நாளில் பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டு விரையுமாறும், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறும் 62ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஸப்தைப் போன்ற முழுநாள் ஓய்வு நம்மீது விதிக்கப்படவில்லை; அது அதில் கருத்து வேறுபாடு கொண்டோர் மீதே ஏற்படுத்தப்பட்டது என்று 16:124 கூறுகிறது.

மீண்டும் பிரகாசபுரத்துக்கு வருவோம். சட்டாம்பிள்ளையின் சபை பிறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1863இல் அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமைப்பாக உருவானது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெல்லையில் சனிக்கிழமையைப் பேணும் தமிழர் இருக்கிறார்கள் என்று கேள்வியுற்று அட்வென்டிஸ்ட் ஊழியர் தேடி வந்தனர். 1908இல் ஜே.எஸ். ஜேம்ஸ் என்பவர் அங்கேயே குடியேறினார். அவர் பெயரில் ஒரு பள்ளியும் உண்டு. ஒரே வசனம், ஒரே முடிவு. இனி இரண்டும் ஒன்றாகிவிடும் என்றுதானே எண்ணத் தோன்றும்? சிலர் சேர்ந்தனர், ஏக இரட்சகர் சபை தனியாகவே நின்றது.

காரணத்தைக் கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காணலாம். உணவு, பண்டிகை, அமாவாசைப் பிறை, ஓய்வுநாள் ஆகியவற்றைக் குறித்து உங்களை எவரும் குற்றம் சாட்ட இடந்தரவேண்டாம் என்ற கருத்து அங்கே வருகிறது. ஞாயிறு சபைகளுக்கு இது சனிக்கிழமை நீங்கியதற்கான சான்று. அட்வென்டிஸ்டுகளோ, இங்கே கூறப்படுவது லேவியராகமத்தின் ஆண்டுப் பண்டிகை ஓய்வுகள், வாராந்திர ஓய்வுநாள் அன்று என்று பிரித்துரைக்கின்றனர். அதாவது பண்டிகைகளை விட்டுக்கொடுத்துச் சனிக்கிழமையைக் காக்கின்றனர். பண்டிகைகளையும் பேணிவந்த சட்டாம்பிள்ளையின் சபைக்கு அந்த விளக்கம் எவ்வாறு பொருந்தும்? அட்வென்டிஸ்டுகள் சனியைப் பேணுவது ஈஸாவின் இரண்டாம் வருகையை எதிர்நோக்கும் இறுதிநாள் அடையாளமாக. இவர்கள் பேணியது இழந்த கீழ்த்திசை நெறியை மீட்பதாக.

அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்திலும் இப்படியே. வாரத்தின் முதல் நாளில் துரோவாவில் சீடர்கள் அப்பம் பிட்கக் கூடினர். பவுல் நள்ளிரவுவரை பேசினார். ஞாயிறு வழிபாட்டின் தொடக்கம் இது என்கிறார்கள் ஒரு சாரார். யூதக் கணக்கில் நாள் சூரியன் மறைவில் தொடங்குவதால் அது சனி இரவு, பவுலை வழியனுப்பக் கூடிய கூட்டம் என்கிறார்கள் மறு சாரார். நமக்கு இது எளிதில் விளங்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளி இரவு என்று சொன்னால் வியாழன் மஃக்ரிபுக்குப் பின் வரும் இரவைத்தானே குறிக்கிறார்கள்!

சென்ற ஆண்டு என் மாணவர் ஒருவர் தம் பேருந்து நண்பரிடம் இக்கேள்வியை எறிந்திருக்கிறார். நண்பர் நிதானமாகத் தாங்கள் சனிக்கிழமைதான் கூடுகிறோம் என்றாராம். அவர் குடும்பம் ஏழாம் நாள் சபையைச் சேர்ந்தது. மாணவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி வாதிடாதீர்கள் என்பது 29:46இன் கட்டளை. எதிரே இருப்பவர் என்ன நம்புகிறார் என்றே கேளாமல் தொடங்கும் வாதத்தில் அழகு ஏது?

முன்னைய சமுதாயத்தார் பிரிந்தனர், நாம் ஒன்று என்று இதைக் கேட்டு மகிழவும் வேண்டாம். அல்மாயிதா ஆறாம் வசனத்தில் பெண்களைத் தீண்டுதல் பற்றிய சொல்லை இமாம் ஷாஃபி (ரஹ்) தோல் படுவதாகவே கொண்டார்கள்; இமாம் அபூஹனீஃபா (ரஹ்) தாம்பத்திய உறவைச் சுட்டுவதாகக் கொண்டார்கள். காயல்பட்டினத்திலிருந்து ஷாஃபி மருமகள் ஹனஃபி வீட்டுக்கு வந்தால், கணவரின் கை தற்செயலாகப் பட்டாலும் உளூச் செய்யப் போவார், மாமியார் வியப்பார். தலாக் விடப்பட்ட பெண்ணின் மூன்று ‘குரூஉ’ மாதவிலக்கா, அதன் இடையிலான சுத்தகாலமா என்பதும் அவ்வகையே. இத்தா முடியும் நாளே அதனால் மாறுகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்க இயலாது. நம் மத்ஹபுகள் எந்த ஆதாரம் கட்டுப்படுத்தும் என்பதில் பெரிதும் ஒன்றுபட்டு, சொல்லின் பொருளில் வேறுபடுகின்றன. ஓய்வுநாள் விஷயத்தில் கிறிஸ்தவர்கள் வேறுபடுவது, தீர்ப்பளிக்கும் அதிகாரம் திருச்சபைக்கா, ஏட்டுக்கா, முதல் தலைமுறையின் வழக்கத்துக்கா என்ற இடத்தில். ஆகையால் அங்கே ஒரு வசனத்தைக் காட்டி விவாதத்தை முடித்துவிட எவராலும் இயலாது.

சனியும் ஞாயிறும் ஒருங்கே பேணப்படுவதும் உண்டு. நம் ஸஹாபாக்கள் முதல் ஹிஜ்ரத்தில் அடைக்கலம் புகுந்த, நஜ்ஜாஷி மன்னரின் அபிசீனிய நாட்டில் எத்தியோப்பியத் திருச்சபை இரு நாள்களையும் கண்ணியப்படுத்துகிறது. நெடுங்காலச் சர்ச்சைக்குப் பின் 1450இல் மன்னர் ஸரா யாகோப் கூட்டிய சங்கம் அதை உறுதிசெய்தது. அங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கத்னா செய்வதும் வழக்கம். “கிறிஸ்தவர்கள் ஏன் கத்னா செய்வதில்லை” என்ற அடுத்த கேள்வியை ஆயத்தமாக வைத்திருக்கும் மாணவர்கள் இதையும் குறித்துக்கொள்ளட்டும்.

சட்டாம்பிள்ளை 1918இல் காலமானார். அவர் கண்ட சபை மறையவில்லை. நாசரேத்தைச் சுற்றிய அச்சிறு வட்டாரத்தில் ஏக இரட்சகர் சபையாரும் அட்வென்டிஸ்டுகளும் சனிக்கிழமை தத்தம் ஆலயங்களில் தனித்தனியாகக் கூடுகிறார்கள். மறுநாள் காலை நாசரேத்துத் தூய யோவான் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. மக்கள் கூடுகிறார்கள்.